பத்துமலைத் தைப்பூசத்தில் இரவு தங்கப் போகிறீர்களா? காஜாங் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

தைப்பூசத்துக்கு முந்தின இரவு பத்துமலை அடிவாரம் கண் மூடுவதில்லை. உறுமி மேளமும் நாதஸ்வரமும் கடைகளின் ஒலிபெருக்கிப் பாட்டும் விடியும்வரை ஓயாது. ஒரு பக்கம் முடியிறக்குகிறார்கள், இன்னொரு பக்கம் அலகு குத்துகிறார்கள். இவற்றுக்கு நடுவே பாய் விரித்தும் சிறு கூடாரம் அடித்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் தங்குகிறார்கள். 1892 முதல் இங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இப்போது அந்தச் சில நாள்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போவதாகச் சொல்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் கூடாரமுமாக மலேசியத் தமிழர் இத்தனை பேர் ஒன்றாக இரவு தங்கும் இடம் வேறெதுவும் இல்லை.

முதல் முறையாகத் தங்கப் போகிறவர்களுக்காக, அதிலும் காஜாங், செமினி, பாங்கி பக்கத்திலிருந்து குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. காவல்துறை, தீயணைப்பு மீட்புத் துறை, ரேலா, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம் என்று எத்தனையோ பேர் அங்கே நமக்காகத் தூக்கம் தொலைத்து நிற்பார்கள். ஆனால் உங்கள் மகன் இன்று என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறான், உங்கள் அப்பா எந்த நேரத்தில் இன்சுலின் போடுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் பாதுகாப்பில் பெரும்பகுதி வீட்டுக் கூடத்திலேயே, கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

## படி 1: கிளம்பும் முன் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்

எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஒரு மாலையில் நான்கு விஷயங்களை முடிவு செய்யுங்கள்.

சந்திக்கும் இடம். பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது? "முருகன் சிலைக்குக் கீழே" என்று சொல்லாதீர்கள். 42.7 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்பதால் எல்லோரும் அதைத்தான் சொல்லி வைத்திருப்பார்கள். அதன் காலடியும் படிக்கட்டின் தொடக்கமும்தான் நெரிசல் மிகுந்த இடம். கூட்டத்தின் ஓரத்தில், எண்ணோ பெயரோ எழுதிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரயில் நிலைய வாசல், குறிப்பிட்ட ஒரு தண்ணீர்ப் பந்தலின் பெயர்ப்பலகை, எண் போட்ட ஒரு விளக்குக் கம்பம் என எதுவானாலும் சரி. போய் இறங்கியதும் எல்லோரையும் அங்கே நிறுத்தி ஒருமுறை காட்டிவிடுங்கள்.

யார் யாரைப் பார்த்துக்கொள்வது. "எல்லோரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருமே பார்க்க மாட்டார்கள். அண்ணன் மகனுக்கு அத்தை, பாட்டிக்குச் சித்தப்பா என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் கழிவறைக்குப் போனால் தன் பொறுப்பை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

யார் எப்போது விழித்திருப்பது. குடும்பத்தில் ஒரு பெரியவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என முறை வைத்துக்கொள்ளுங்கள். காவடி எடுப்பவரையும் காலையில் காரோட்டப் போகிறவரையும் இந்த முறையில் சேர்க்காதீர்கள். அவர்கள் தூங்கியே ஆக வேண்டும்.

எப்போது திரும்பிவிடுவது. மழை கொட்டினால், பெரியவருக்கு மயக்கம் வந்தால், கூட்டம் அளவு மீறினால் கிளம்பிவிடுவோம் என்று முன்பே பேசி வையுங்கள். அங்கே போன பிறகு பேசினால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற எண்ணம்தான் வெல்லும்.

நேர்த்திக்கடன் செலுத்தத் தைப்பூச நாளே வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் சில நாள் முன்போ பின்போ போகலாம். ஏராளமான குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. கைக்குழந்தை, நிறைமாதக் கர்ப்பிணி, இதய நோயாளி உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது.

## படி 2: பையில் என்ன இருக்க வேண்டும்

சுமை குறைவாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். கூட்டத்துக்குள் நுழையும்போது அதை முன்பக்கமாக மாட்டிக்கொள்ள முடிய வேண்டும்.

- மைகார்டு, கொஞ்சம் ரொக்கம், டச் என் கோ அட்டை. மற்ற வங்கி அட்டைகளை வீட்டில் வைத்துவிடுங்கள்.
- மின்னேற்றிய பவர் பேங்க், கைவிளக்கு அல்லது தலையில் மாட்டும் விளக்கு.
- ஆளுக்கு ஒரு தண்ணீர் போத்தல், வாய்வழி உப்புநீர்ப் பொட்டலங்கள்.
- அன்றாட மருந்து இரண்டு நாளுக்கு. மருந்துச் சீட்டின் நகல்.
- பிளாஸ்டர், கிருமிநாசினி, துணிக்கட்டு, கொசு விரட்டி.
- மழை அங்கி, மாற்றுடை, தரையில் விரிக்கத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு.
- முக்கியமான தொலைபேசி எண்கள் எழுதிய காகிதம். கைப்பேசி தொலைந்தால் எண்ணும் சேர்ந்து தொலைந்துவிடும்.

கைப்பேசியில் \*#06# அழுத்தினால் அதன் அடையாள எண் திரையில் வரும். அதை எழுதி வீட்டில் வையுங்கள். திருடு போனால் புகார் கொடுக்க உதவும். தாலிக்கொடி, சங்கிலி, வளையல் என்று நகை போட்டுக்கொண்டு போக வேண்டாம். நெரிசலில் கழுத்துச் சங்கிலி அறுந்ததே தெரியாது, அதைத் தேடிக் குனிவது உயிருக்கே ஆபத்து. மஞ்சள் கயிறு போதும்.

கூடாரம் புதிதாக வாங்கியிருந்தால் வீட்டு வாசலிலோ செமினி சுங்கை தெக்கலா போன்ற உல்லாச இடத்திலோ ஒருமுறை போட்டுப் பாருங்கள். இருட்டில், இரைச்சலில், தூங்கி விழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பி கோக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

## படி 3: காஜாங்கிலிருந்து போவது எப்படி

காஜாங்காரர்களுக்கு ஒரு வசதி. கேடிஎம் கொமுட்டரில் நம் தடமே பத்துமலையில்தான் முடிகிறது. ஏறினால் மாறாமல் இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அண்மைய ஆண்டுகளில் தைப்பூசத்தை ஒட்டி ரயில் இரவு பகலாக ஓடுகிறது. அந்த ஆண்டுக்கான நேர அட்டவணையைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஆர்டியில் வருகிறவர்களும் காஜாங் நிலையத்திலேயே கொமுட்டருக்கு மாறலாம்.

பெண்களும் குழந்தைகளும் மட்டும் பயணம் செய்தால் 2010 முதல் இயங்கும் பெண்களுக்கான இளஞ்சிவப்புப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். மேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். பெட்டி நிரம்பி வழிந்தால் அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள். ஏறும்போது பாதிக் குடும்பம் உள்ளே, பாதி வெளியே என்று கதவு மூடிக்கொண்டால், உள்ளே இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், வெளியே இருப்பவர் அடுத்த ரயிலில் வர வேண்டும். இதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கொடுங்கள்.

காரில்தான் போக வேண்டும் என்றால், மத்திய வட்டச் சாலை இரண்டில் அன்று போக்குவரத்து நகராது, சாலைகளும் மூடப்படும். இரண்டு மூன்று நிலையம் தள்ளி நிறுத்திவிட்டு ரயிலில் வாருங்கள். காருக்குள் பை எதுவும் கண்ணில் படும்படி இருக்கக் கூடாது. நிறுத்திய இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாலான் துன் எச்.எஸ். லீ ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தோடு சுமார் 15 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள் உடைந்த தேங்காய்ச் சில்லுகளைக் கவனிக்க வேண்டும். ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். சில்லு உள்ளங்காலைக் கத்திபோலக் கிழிக்கும். தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

## படி 4: தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இடம் பார்க்கும்போது ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

தலைக்கு மேல் என்ன இருக்கிறது? பத்துமலை ஒரு சுண்ணாம்புக் குன்று. 1973-இல் ஈப்போவில் குனோங் சீரோ சுண்ணாம்புக் குன்றிலிருந்து பாறை பெயர்ந்து அடிவாரத்தில் வசித்த சுமார் 40 பேர் மாண்டார்கள். செங்குத்துப் பாறையின் அடியில் நிழல் நன்றாக இருக்கிறது என்று கூடாரம் போடாதீர்கள்.

பின்னால் சரிவு உள்ளதா? 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்தது. தூக்கத்திலேயே புதைந்தவர்கள் உட்பட 31 பேர் இறந்தார்கள். அந்தத் தளம் உரிமம் இல்லாமல் நடந்து வந்தது. மண்மேட்டின் காலடியிலும் விளிம்பிலும் தங்க வேண்டாம், உரிய அனுமதி இல்லாத இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுப்பவர்களையும் நம்ப வேண்டாம்.

தண்ணீர் எங்கே ஏறும்? சுங்கை பத்து கரையோரம் தாழ்ந்த இடங்களைத் தவிருங்கள். உலு லங்காட்டுக்காரர்களுக்குக் 'கெப்பாலா ஆயர்' புதிதல்ல. நாம் இருக்கும் இடத்தில் ஒரு தூறலும் இல்லாதபோதே மேலே பெய்த மழை ஆற்றில் சுவர்போல வந்துவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பொருளை எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

ஆம்புலன்ஸ் வர வழி உள்ளதா? வண்டிப் பாதையில், தீயணைப்பு வண்டி நுழையும் வழியில் பாய் விரிக்காதீர்கள். இன்று யாரோ ஒருவருக்காக வரும் ஆம்புலன்ஸ் நாளை உங்களுக்காகவும் வரலாம்.

வெளிச்சமும் கழிவறையும் எவ்வளவு தூரம்? நடு இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போய் வர முடியும் என்று நீங்கள் நம்பும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் கழிவறைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒட்டினாற்போல வேண்டாம். பெரிய ஒலிபெருக்கியின் முன் படுக்கும் குழந்தையின் காது கெட்டுப்போகும்.

இடம் பிடித்ததும் பக்கத்துக் குடும்பத்திடம் போய்ப் பேசுங்கள். எந்த ஊர், எத்தனை நாள், யார் காவடி எடுக்கிறார்கள் என்று நாலு வார்த்தை பேசினால் போதும். பிறகு உங்கள் கூடாரத்தருகே முகம் தெரியாத ஒருவர் குனிந்தால் "யாருப்பா அது?" என்று கேட்க அங்கே ஓர் அக்கா இருப்பார். எந்தப் பூட்டும் இதற்கு ஈடாகாது.

## படி 5: கூடாரத்துக்குள்

கூடாரத்தின் ஜிப்புக்குப் பூட்டுப் போடாதீர்கள். துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும், ஆகவே பூட்டு திருடனைத் தடுக்காது. உள்ளே விலையுள்ள பொருள் இருக்கிறது என்று அவனுக்கு அறிவிக்கும். தீப்பிடித்தால் நீங்கள் வெளியே வருவதையும் தடுக்கும். பணமும் கைப்பேசியும் இடுப்புப் பையில், உடம்போடு இருக்கட்டும். தூங்கும்போதும் கழற்ற வேண்டாம். கைப்பேசியை அதிர்வில் வையுங்கள், உறுமிச் சத்தத்தில் மணி கேட்காது.

கூடாரத்துக்குள் அடுப்பு, சாம்பிராணி, கொசுவர்த்தி, கற்பூரம், மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். நைலான் துணி சில நொடிகளில் உருகித் தோலில் ஒட்டும். கேஸ் குப்பி அடுப்பை மழைக்காக உள்ளே எடுத்து வருவது இன்னும் ஆபத்து. அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். சமைக்காமலேயே இருக்கலாம், அன்னதானத்துக்கு அங்கே குறைவில்லை. ஜெனரேட்டர் ஓடும் இடத்திலிருந்தும் தள்ளிப் படுங்கள். ஈரத்தரையில் கிடக்கும் மின்கம்பியைப் பிள்ளைகள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் குரங்குகள் உண்டு. உணவைத் திறந்து வைக்காதீர்கள், கையில் பழத்தோடு குழந்தையை அனுப்பாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவ முகாமுக்குப் போங்கள்.

## படி 6: குழந்தைகளும் பெரியவர்களும்

குழந்தையின் முன்கையின் உட்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு கைப்பேசி எண்களை எழுதுங்கள், ஒன்று உங்களுடையது, இன்னொன்று துணைக்கு வருகிறவருடையது.  வியர்வையிலும் ஆற்றுக் குளியலிலும் எண் அழியலாம், அவ்வப்போது பார்த்து மறுபடி எழுதுங்கள். குழந்தையின் பெயரை எழுத வேண்டாம். பெயர் தெரிந்த அந்நியரைக் குழந்தை எளிதில் நம்பிவிடும். காலையில் உடை மாற்றியதும் ஒவ்வொரு பிள்ளையையும் தலை முதல் கால்வரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் "சிவப்புச் சட்டையா, மஞ்சளா?" என்று திணற வேண்டியதில்லை, படத்தைக் காட்டினால் போதும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இவ்வளவுதான்: தொலைந்துவிட்டால் தேடி ஓடாதே, நின்ற இடத்திலேயே நில். சீருடை அணிந்தவரிடமோ குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ கையைக் காட்டு. யாரோடும் கார் நிறுத்துமிடத்துக்குப் போகாதே.

பெரியவர்களைப் பொறுத்தவரை நான் மிகவும் கவலைப்படுவது நீரிழிவுக்காரர்களின் பாதம். நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடம்தான் நீரிழிவு மிக அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. பல ஆண்டு சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். நண்பகல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கும்போது சுடுவது தெரியாது, மாலையில் பார்த்தால் தோல் கொப்புளித்திருக்கும். ஒரு சில்லு குத்தியிருந்தாலும் தெரியாது. அந்தச் சிறு புண்ணே பிறகு காலை எடுக்கும்வரை கொண்டுபோகலாம். ஆகவே அவர்கள் விடியற்காலையில் நடக்கட்டும், வெயில் ஏறுவதற்குள் இறங்கட்டும். இரவில் கைப்பேசி விளக்கை அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள். அப்பா கூச்சப்பட்டாலும் பாருங்கள்.

விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இன்சுலினை வெயிலில் வைக்காதீர்கள், ஐஸ் கட்டியின் மேல் நேராகவும் வைக்காதீர்கள். திடீர் வியர்வை, நடுக்கம், உளறல் என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தால் உடனே இனிப்புத் தண்ணீர் கொடுங்கள்.

## படி 7: கூட்டத்துக்குள் எப்படி நடப்பது

கூட்ட நெரிசலில் இறந்தவர்கள் மிதிபட்டே இறந்தார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியல்ல. நாலா பக்கமும் அழுத்தம் கூடி நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சடைத்துப் போகிறார்கள். 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இதேவோனில் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் 159 பேர் இறந்தது இப்படித்தான். நம் நினைவில் உள்ளவையும் உண்டு: 1992-இல் கும்பகோணம் மகாமகம், 2011-இல் சபரிமலை புல்மேடு, 2025 செப்டம்பர் 27-இல் 41 உயிர்களைக் கொண்டுபோன கரூர்.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர்வரை நின்றால் நாம் நினைத்தபடி நகர முடியும். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஆறு, ஏழு என்றால் கூட்டம் நீர்போல அலையடிக்கும், யாருடைய கால் எங்கே போகும் என்பது அவரவர் கையில் இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. முன்னும் பின்னும் இரு தோளும் ஒரே நேரத்தில் மற்றவர்மேல் படுகிறதா? கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லையா? அப்போதே வெளியேற வேண்டும்.

- மார்புக்கு முன்னால் இரண்டு கைகளையும் மடக்கி வையுங்கள், குத்துச்சண்டைக்காரர் நிற்பதுபோல. நெஞ்சு விரிய அந்தக் கையளவு இடம்தான் உயிர் காக்கும்.
- கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை தள்ளும்போது அதோடு போங்கள். அது ஓயும் நொடியில் குறுக்காக ஓரம் நோக்கி இரண்டு எட்டு வையுங்கள். மறுபடி அலை, மறுபடி இரண்டு எட்டு.
- செருப்பு கழன்றாலும் கைப்பேசி விழுந்தாலும் குனியாதீர்கள்.
- கத்தி மூச்சை வீணாக்காதீர்கள்.
- சுவரையோ தடுப்பு வேலியையோ ஒட்டி நிற்காதீர்கள், அழுத்தம் அங்கேதான் மிகும்.
- விழுந்துவிட்டால் ஒரு பக்கமாகச் சுருண்டு தலையைக் கையால் மூடி, முதல் வாய்ப்பில் எழுந்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் உடனே தூக்கிவிடுங்கள்.

அந்த 272 படிகளில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. பால்குடத்திலிருந்து சிந்திய பாலும் தண்ணீரும் படியை வழுக்கலாக்கும். ஏறுகிறவர் வரிசையில் இறங்காதீர்கள். கைப்பிடிக் கம்பியை ஒட்டி வாருங்கள். நடுப்படியில் நின்று படம் எடுக்காதீர்கள். பின்னால் வருகிறவர் நிற்க முடியாமல் உங்கள் மேல்தான் விழுவார். சின்னக் குழந்தையைத் தோளில் ஏற்ற வேண்டாம், நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். பெரிய காவடிகளுக்கு இரண்டு மீட்டராவது இடம் விடுங்கள். ஆடிச் சுழலும் காவடி எந்தப் பக்கம் திரும்பும் என்பது எடுப்பவருக்கே தெரியாது. முதல் முறை வருகிறவர்கள் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது படியேறாமல் கீழே நின்று கும்பிட்டாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

## படி 8: வெயில், தண்ணீர், கொசு

கோலாலம்பூர் வெயில் பகலில் 33 டிகிரியைத் தொடும். கூட்டத்துக்குள் உடம்புச் சூடும் சேர்ந்துகொள்ளும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புநீர்ப் பொட்டலம் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிக்கலாம்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய்ப் படுங்கள். பேச்சுக் குழறினாலோ ஆள் தடுமாறினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாமி வந்த ஆட்டத்துக்கும் வெப்பத் தாக்குக்கும் வேறுபாடு தெரியாமல் "ஆடட்டும் விடுங்கள்" என்று நிற்பது உயிரைப் பறித்துவிடும். சந்தேகம் வந்தால் மருத்துவ உதவியாளரைக் கூப்பிடுங்கள்.

அன்னதான உணவைச் சூடாக இருக்கும்போதே சாப்பிடுங்கள், பிறகு உண்ணலாம் என்று கட்டிவைக்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் ஆற்றில் இறங்காமல் குழாயில் குளியுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் மூலம் எலிக்காய்ச்சல் புண் வழியே ஏறும். நாட்டில் டெங்கி மிகுந்த மாநிலம் சிலாங்கூர். ஏடிஸ் கொசு விடியலிலும் அந்தியிலும் கடிக்கும், அந்த நேரங்களில் விரட்டி பூசி, முழுக்கை உடை போடுங்கள். வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## படி 9: பெண்களின் பாதுகாப்பு

நெரிசலைச் சாக்காக வைத்துக் கை வைப்பவன் பக்தன் அல்ல. சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி "கையை எடு!" என்று சொல்லுங்கள். அவமானம் அவனுக்குத்தான், உங்களுக்கு அல்ல. பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டமே 2022-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குற்றவியல் சட்டத்தின் 354-ஆம் பிரிவும் இருக்கிறது. காவல் முகாமில் புகார் கொடுங்கள். நேரம், இடம், ஆளின் உடை ஆகியவற்றை அப்போதே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். 15999 என்ற தாலியான் காசே உதவி எண் இரவும் பகலும் இயங்கும்.

குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளை வந்து சொன்னால் "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியால் அடுத்த முறை அவள் சொல்லாமலேயே இருந்துவிடுவாள். கழிவறைக்கு இருவராகப் போவது, உடை மாற்றும் இடத்தில் துணி மறைப்புப் பிடிப்பது எல்லாம் ஆண்பிள்ளைகளுக்கும் கற்றுத்தர வேண்டிய பொறுப்புகள்.

## படி 10: ஏதாவது நடந்துவிட்டால்

- அவசரம்: 999. "பத்துமலை" என்று மட்டும் சொல்லாமல் பக்கத்துப் பெயர்ப்பலகை, கம்பத்தின் எண், எந்த வாயில் என்று சொல்லுங்கள். ஒருவர் சாலை முனைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வேண்டும்.
- பிள்ளையைக் காணோம்: ஒருவர் சந்திக்கும் இடத்துக்கு, ஒருவர் காவல் முகாமுக்கு, ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்தில். ஆற்றோரத்தை முதலில் பாருங்கள். "கொஞ்ச நேரம் தேடிவிட்டுச் சொல்லலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.
- பொருள் திருடு: துரத்தாதீர்கள். வங்கி அட்டையையும் சிம் அட்டையையும் முடக்குங்கள். காவல்துறையில் புகார் செய்து அந்த நகலோடு தேசியப் பதிவுத் துறைக்குச் சென்று மைகார்டை மாற்றுங்கள்.
- சண்டை மூண்டால்: படம் எடுக்க நிற்காமல் குடும்பத்தோடு எதிர்ப்பக்கம் நகருங்கள்.
- மருத்துவம்: முதலில் அங்குள்ள முகாம். பெரிய சிகிச்சைக்குச் செலாயாங் மருத்துவமனை அருகில் இருக்கிறது.

## இசைவிழாவுக்குப் போகும் இளையோருக்கு

1998 முதல் சரவாக்கில் நடக்கும் மழைக்காடு உலக இசை விழாவுக்கோ கிள்ளான் பள்ளத்தாக்கின் திறந்தவெளிக் கச்சேரிகளுக்கோ போகும் தம்பி தங்கைகளுக்கும் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும். 2014 மார்ச்சில் புக்கிட் ஜாலிலில் நடந்த இசைவிழாவில் 6 இளைஞர்கள் இறந்து, மூன்றாம் நாள் நிகழ்ச்சியே ரத்தானது. 2021-இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவோர்ல்டு மேடையின் முன் நெரிசலில் 10 பேர் இறந்தார்கள். மேடைக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அடுத்தவர் தரும் மாத்திரை, திறந்த பானம் எதையும் வாங்காதீர்கள். நண்பன் விழுந்தால் "வீட்டுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள்" என்று ஒளித்து வைக்காமல் மருத்துவரிடம் என்ன உட்கொண்டான் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்தால் சிகிச்சையே தவறிப்போகும். பெற்றோரும் இப்போதே ஒரு வாக்குக் கொடுங்கள்: நடு இரவில் அழைத்தாலும் கேள்வி கேட்காமல் வந்து கூட்டிப்போவோம் என்று.

## கிளம்பும்போது

அலைச்சலின் கடைசி மணி நேரம்தான் கவனம் மிகவும் குறையும் நேரம். கூடாரம் மடிக்கும் முன் ஆள் எண்ணுங்கள், ரயிலேறும் முன் எண்ணுங்கள், காஜாங்கில் இறங்கியதும் எண்ணுங்கள். இரவு முழுக்க விழித்தவர் காரோட்டக் கூடாது. தூக்கக் கலக்கம் குடிபோதைக்குச் சமமான ஆபத்து. குப்பையைக் கட்டி எடுத்து வாருங்கள். உடைந்த கண்ணாடி, ஊசி, சில்லு எதையும் அடுத்தவர் காலுக்கு விட்டு வராதீர்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால் மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்: சந்திக்கும் இடம், யார் யாருக்குப் பொறுப்பு, யார் எப்போது விழித்திருப்பது. தைப்பூசத்துக்கு இன்னும் எத்தனை மாதம் இருந்தாலும் சரி, வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் அடுத்த வேளையிலேயே இந்த மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.